மடிக்கணினியா, மேசைக்கணினியா? – மகளின் படிப்பு கற்றுத்தந்தது



மத்ரஸாவில் பிள்ளைகளுக்குக் குர்ஆனும் ஃபிக்ஹும் கற்றுக்கொடுக்கும் ஒருவன் கிராபிக்ஸ் கார்டைப் பற்றி எழுதுவது உங்களில் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். எனக்கே வியப்புதான். என் மூத்த மகள் கல்லூரியில் சேரும் வரை, கணினி என்பது எனக்கு மத்ரஸாத் தேர்வின் வினாத்தாளைத் தட்டச்சு செய்யும் பெட்டி, அவ்வளவே. ஆனால் ப்ளஸ் டூ முடிவுகள் வெளியாகும் ஒவ்வோர் ஆண்டும், ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது யாரேனும் ஒருவர் தோளைத் தொட்டுக் கேட்கிறார்: "ஹஜ்ரத், உங்க மகள் ஆர்க்கிடெக்ட் படிக்குதே. என் பையனுக்கு அனிமேஷன்ல இடம் கிடைச்சிருக்கு. லேப்டாப் தாங்குமா, டெஸ்க்டாப்தான் வாங்கணுமா?"

நின்றபடி சொல்லி முடிக்கக்கூடிய பதில் அதற்கு இல்லை. நான் இரண்டு முறை தவறி, ஒரு முறை வீட்டுக்கூரைக்கு வைத்திருந்த பணத்தையும் செலவழித்துக் கற்றுக்கொண்டது அது. ஆகவே எழுதுகிறேன்.

மகள் 2022-ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் பி.ஆர்க். படிப்பில் சேர்ந்தாள். ஐந்தாண்டுப் படிப்பு. எங்கள் மேலப்பாளையத்திலிருந்து ஓர் இரவுப் பயணம் என்பதால் விடுதி வாசம். கல்லூரிக் கட்டணம், விடுதி முன்பணம், வரைபலகை, அளவுகோல்கள் என எல்லாம் முடிந்தபோது கையில் மிஞ்சியது 55,000 ரூபாய். அதைக் கொண்டு கடைக்குப் போனோம். "படிக்கிற பிள்ளைக்கு வெயிட் இல்லாத மாடல்தான் ஹஜ்ரத் நல்லது, பையில போட்டுக்கிட்டுப் போகலாம்" என்றார் கடைக்காரர். அவர் ஏமாற்றவில்லை. என்ன படிக்கிறாள் என்று அவர் கேட்கவில்லை; நானும் சொல்லவில்லை. 54,000 ரூபாய்க்கு ஒரு மெல்லிய மடிக்கணினியை வாங்கினோம். வெள்ளி நிறம், ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவான எடை. நான் பார்த்தவை நிறம், எடை, ஓராண்டு உத்தரவாதம். பார்க்காதவை மற்ற யாவும்.

முதலாண்டில் ஒரு குறையும் இல்லை. பெரும்பாலும் கையால் வரையும் வேலை. ஆட்டோகேடில் தரைப்படம் வரைவதும் அந்தக் கணினிக்குச் சுமையாக இருக்கவில்லை. வெறும் கோடுகளாலான படத்துக்குப் பெரிய கிராபிக்ஸ் வலிமை வேண்டியதில்லை என்பதைப் பிறகுதான் அறிந்தேன். அதை அறியாததால், 'எல்லாம் சரியாகத்தான் வாங்கியிருக்கிறோம்' என்ற நிம்மதி எனக்கு ஓராண்டுக்கு இருந்தது.

மூன்றாம் பருவத்தில் ஒரு சிற்றூர் நூலகத்தை வடிவமைக்கச் சொன்னார்கள். முப்பரிமாணத்தில் கட்டடத்தை எழுப்பி, முற்றத்தில் மரங்கள் நட்டு, சன்னல் வழியே வெயில் விழுவது வரை காட்ட வேண்டும். அந்த மாதிரியைக் கணினி ஒளியும் நிழலுமாகக் கணக்கிட்டுப் படமாக்கித் தருவதை 'ரெண்டர்' என்கிறார்கள். 2023 அக்டோபரில் ஓர் இரவு, தஹஜ்ஜுத் நேரத்தில் மகளின் அழைப்பு வந்தது. அந்த நேரத்து அழைப்பு எந்தத் தந்தைக்கும் நெஞ்சை அடைக்கும்.

"வாப்பா, மூணாவது தடவையும் நின்னு போச்சு. காலையில ஒன்பது மணிக்கு ரிவ்யூ."

"சூடா இருக்காம்மா?"

"கை வைக்க முடியல. ரெண்டு புத்தகத்து மேல தூக்கி வச்சிருக்கேன்."

"அணைச்சுப் போட்டுட்டுக் கொஞ்சம் தூங்கு. துஆ செய்றேன்" என்றேன். துஆ செய்தேன்தான். ஆனால், அவள் கேட்டது தூங்குவதற்கு அனுமதி அன்று என்பது எனக்கும் தெரிந்தது. கையால் வரைந்த தாள்களோடு மட்டும் மதிப்பீட்டுக்குப் போனாள். ஆசிரியை கடிந்துகொள்ளவில்லை, மதிப்பெண்ணைக் குறைத்துக்கொண்டார்.

என் மனைவியின் தம்பி சென்னையில் காணொளித் தொகுப்புத் தொழிலில் இருக்கிறார். அவரிடம்தான் போனேன். தொலைபேசியில் ஒரு மணி நேரம் பேசினார். அந்த ஒரு மணி நேரம் 54,000 ரூபாய்க்கு முன்னால் நடந்திருக்க வேண்டும். அவர் சொன்னதை, நான் புரிந்துகொண்ட அளவில், பிள்ளைகளின் பெற்றோருக்குப் பயன்படும் என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

மகளிடம் இருந்த மெல்லிய கணினியில் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. செயலியோடு சேர்ந்தே பிறந்த ஒரு சிறிய கிராபிக்ஸ் பகுதி மட்டும் உண்டு. அதற்கென்று சொந்த நினைவகமும் கிடையாது. பொது ரேமிலிருந்துதான் பங்கு எடுத்துக்கொள்ளும். இருந்ததோ 8 ஜிபி ரேம். அதில் விண்டோஸ் ஒரு பங்கு, வரைகலை மென்பொருள் ஒரு பங்கு, உலவி ஒரு பங்கு, கிராபிக்ஸ் ஒரு பங்கு என்றால் பந்தியில் கடைசியாக உட்கார்ந்தவனுக்குச் சோறு எப்படிக் கிடைக்கும்? "ரேமைக் கூட்டிப் போட்டால் என்ன?" என்றேன். மெல்லிய மாடல்கள் பலவற்றில் ரேமைத் தாய்ப்பலகையிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். கழற்றவும் முடியாது, கூட்டவும் முடியாது. எங்களுடையது அந்த வகை.

அடுத்தது சூடு. கணினி செய்யும் வேலை முழுவதும் கடைசியில் வெப்பமாக வெளியேற வேண்டும். மெல்லிய உடம்பில் விசிறியும் சிறிது, காற்று போகும் வழியும் சிறிது. செயலி நூறு டிகிரியை நெருங்கியதும் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பத்து நிமிட வேலையில் இது பெரிதாகத் தெரியாது. ரெண்டர் என்பது பத்து மணி நேரம் மூச்சு விடாமல் ஓடும் ஓட்டம். ஒரு நிமிடக் காணொளிக்கு, நொடிக்கு 30 படம் என்று வைத்தால் 1,800 படங்கள். ஒரு படத்துக்கு ஒரு நிமிடம் ஆனால் 30 மணி நேரம்; மூன்று நொடி ஆனால் ஒன்றரை மணி நேரம். காலை ஒன்பது மணிக்கு மதிப்பீடு என்றால், அந்த இரண்டுக்கும் நடுவில்தான் பிள்ளையின் மதிப்பெண் இருக்கிறது.

"அப்ப தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள லேப்டாப் வாங்கினா போதுமா தம்பி?" என்று கேட்டேன். அங்கேதான் எனக்குப் பெரிய பாடம் காத்திருந்தது.

"போதும் மச்சான். ஆனா பேரைப் பார்த்து வாங்கிடாதீங்க" என்றார். மேசைக்கணினிக்கான ஆர்டிஎக்ஸ் 3060 என்ற கார்டில் 12 ஜிபி நினைவகம் உண்டு. 170 வாட் மின்சாரம் எடுத்துக்கொள்ளும். அதே 3060 என்ற பெயரில் மடிக்கணினியில் வருவதில் 6 ஜிபி மட்டும்தான். மின்சாரமும் மிகக் குறைவு. ஆர்டிஎக்ஸ் 4070-ஐ எடுத்துக்கொண்டால் மேசைக்கணினியில் 12 ஜிபி, மடிக்கணினியில் 8 ஜிபி. இன்னும் ஒன்று: மடிக்கணினிகளுக்குள்ளேயேகூட ஒரே பெயர் ஒரே வலிமை அன்று. ஆர்டிஎக்ஸ் 4050, 4060 ஆகிய கார்டுகளை 35 வாட் முதல் 115 வாட் வரை எப்படி வேண்டுமானாலும் அமைக்கக் கணினி நிறுவனங்களுக்கு இடம் தரப்பட்டிருக்கிறது. பெட்டியின் மேல் இரண்டிலும் ஒரே பெயர்தான் ஒட்டியிருக்கும். என் வகுப்பில் முஹம்மது என்ற பெயரில் நான்கு பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒருவன் ஒரு நாளில் மனனம் செய்வதை இன்னொருவன் ஒரு வாரத்தில் செய்வான். பெயரை வைத்துப் பாடம் கொடுத்தால் என் வகுப்பு என்னவாகும்? இதை உடனே புரிந்துகொண்டேன்.

அத்துடன், சார்ஜர் செருகாமல் பேட்டரியில் ஓட்டினால் அந்த வலிமையிலும் பெரும் பகுதி குறைந்துவிடும். அதாவது, மரத்தடியில் உட்கார்ந்து செய்யலாம் என்று விளம்பரத்தில் காட்டும் வேலையைச் சுவரோரம் பிளக் இருக்கும் இடத்தில் உட்கார்ந்துதான் செய்ய வேண்டும்.

நினைவகம் ஏன் அவ்வளவு முக்கியம் என்றும் கேட்டேன். கட்டடத்தின் சுவர், செங்கல்லின் புகைப்படம், மரத்தின் ஒவ்வோர் இலை ஆகிய அனைத்தும் ரெண்டர் ஆகும்போது கார்டின் நினைவகத்துக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் ஒன்று ஆமை வேகத்தில் நகரும், அல்லது 'நினைவகம் போதவில்லை' என்று நின்றுவிடும். ரேமைப் பிறகு கூட்டலாம். கார்டின் நினைவகத்தை எந்தக் கணினியிலும் கூட்ட முடியாது. மேசைக்கணினியில் கார்டையே கழற்றி வேறொன்று மாட்டலாம். மடிக்கணினியில் பெரும்பாலும் அதற்கு வழியில்லை.

இவ்வளவும் கேட்டபின் என் மனம் மேசைக்கணினியின் பக்கம் சாய்ந்துவிட்டது. மகள் மடிக்கணினிதான் வேண்டும் என்றாள். 6 ஜிபி கார்டு உள்ள ஒன்று ஏறக்குறைய 88,000 ரூபாய்க்குக் கிடைத்தது. மச்சினர் போட்ட கணக்கில், ஐ5-12400 செயலி, 16 ஜிபி ரேம், 12 ஜிபி கார்டு, திரை, யுபிஎஸ் எல்லாம் சேர்த்து மேசைக்கணினி 80,000-க்குள் முடிந்தது. குறைந்த விலை, இரு மடங்கு நினைவகம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நான் தொலைபேசியில் வாதாடினேன். விடுதி அறையில் மேசைக்கணினி வைக்க அனுமதி இல்லை என்றாள். "அப்ப வீட்டில் வைப்போம், லீவுக்கு வரும்போது செய்" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு கேட்டாள்:

"வாப்பா, நீங்க மெஷினை வீட்டுல வைக்கணும்னு நினைக்கிறீங்களா, என்னையா?"

நான் கோபப்பட்டேன். பிள்ளைகள் உண்மையைச் சொன்னால் நமக்கு முதலில் வருவது கோபம்தான். அன்றிரவு படுக்கையில் கிடந்து யோசித்தபோது, அவள் சொன்னதில் ஒரு பங்கு சரி என்பதை மறுக்க இயலவில்லை. கூடத்தில், எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் பெரிய திரையோடு ஒரு கணினி. மகள் அதன் முன் அமர்ந்து படிக்கிறாள். நான் ஈஸிசேரில் இருக்கிறேன். என் மனத்தில் இருந்த படம் அது. வாட் கணக்கும் ஜிபி கணக்கும் அந்தப் படத்துக்கு நான் தேடிய சாட்சிகளாகவும் இருந்தன. கணக்கு பொய் அன்று. ஆனால் கணக்குக்காக மட்டும் நான் வாதாடவில்லை.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மத்ரஸா ஆசிரியர்கள் பத்துப் பேர் சேர்ந்து மாதம் 9,000 ரூபாய் போட்டு, வட்டியோ கழிவோ இல்லாமல், குலுக்கி எடுக்கும் சீட்டு ஒன்று நடத்துகிறோம். அந்த ஆண்டு எனக்கு விழுந்த 90,000 ரூபாயை மாடியில் தட்டோடு பதிப்பதற்கு வைத்திருந்தேன். இரண்டு மழைக்காலமாகப் பின்னறையில் ஒழுக்கு. மனைவி வாளி வைத்து, துணி விரித்துச் சமாளித்து வந்தாள்.

கூரைப் பணத்தைத் தொடாமல் முடிக்கலாம் என்று கடைக்காரர் ஒரு வழி சொன்னார். "நோ காஸ்ட் ஈஎம்ஐ ஹஜ்ரத். வட்டியே கிடையாது, உங்களுக்கும் ஹலால்தான்." நான் தாளை வாங்கிப் படித்தேன். அதில் வங்கி ஆண்டுக்கு இத்தனை விழுக்காடு வட்டி போடுகிறது. அந்த வட்டித் தொகை அளவுக்குப் பொருளின் விலையில் முன்கூட்டியே தள்ளுபடி தருகிறார்கள். அந்த வட்டியின் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி மட்டும் நம் தலையில் தனியாக விழுகிறது. இல்லாத வட்டிக்கு வரி எப்படி வரும்? பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கியே 2013-இல் வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. கடைக்காரரிடம் இதைச் சொன்னபோது, "எல்லாரும் இதுலதான் வாங்குறாங்க" என்றார். நம் சமுதாயப் பிள்ளைகளின் கல்லூரிக் கணினிகளில் எத்தனை இந்த வழியில் வீட்டுக்குள் வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள். ரொக்க விலையில் தவணை தரும் கடைக்காரர் இருந்தால் அது வேறு. ஒப்பந்தத்தாளில் வட்டி என்று எழுதியிருக்கும்போது அதன் பெயர் வேறாகிவிடாது.

மனைவிதான் முடிவு செய்தாள். "மழை எல்லா வருஷமும் வரும். புள்ளைக்கு மூணாவது செமஸ்டர் ஒருதரம்தான் வரும்" என்றாள்.

நவம்பரில் மச்சினர் ரிச்சி தெருவில் உதிரிகளை வாங்கி, பொருத்திச் சோதித்து, கார்டைத் தனியே கழற்றிப் பெட்டியில் வைத்து பார்சலில் அனுப்பினார். கனமான கார்டைப் பொருத்திய நிலையில் அனுப்பினால் வழிக் குலுக்கலில் அது செருகப்பட்ட இடமே உடையலாம் என்றார். காணொளி அழைப்பில் அவர் சொல்லச் சொல்ல நானும் என் இளைய மகனும் மாட்டினோம். விளக்கு எரிந்தது, விசிறி சுழன்றது, திரை ஒளிர்ந்தது. மகள் அனுப்பியிருந்த நூலகக் கோப்பைத் திறந்தோம். மரங்களிருந்த முற்றம் வெட்டி வெட்டி நகர்ந்தது. பழைய மடிக்கணினியைக் காட்டிலும் சிறிதும் மேலில்லை. ஒழுகும் கூரையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் மேலும் கடினமாக இருந்தது.

மறுநாள் மச்சினர் கணினியின் பின்பக்கத்தைக் காட்டச் சொன்னார். பார்த்ததும் சிரித்தார். திரையிலிருந்து வரும் கம்பியை நான் தாய்ப்பலகையில் உள்ள துளையில் செருகியிருந்தேன். அது செயலியோடு வரும் சிறிய கிராபிக்ஸுக்கு உரியது. கீழே, கார்டில் உள்ள துளையில் மாற்றிச் செருகியதும் முற்றம் தண்ணீர்போல் நகர்ந்தது. இருபத்தைந்தாயிரம் ரூபாய்க் கார்டு ஓர் இரவு முழுக்க வேலையின்றி உட்கார்ந்திருந்தது. மடிக்கணினியிலும் இதே கதை வேறு உருவில் உண்டு. இரண்டு கிராபிக்ஸ் இருக்கும்போது மென்பொருள் சில வேளை சிறியதைப் பிடித்துக்கொள்ளும். விண்டோஸ் அமைப்புகளில் திரைக்கான பகுதியில், கிராபிக்ஸ் என்ற இடத்துக்குப் போய், அந்த மென்பொருளுக்கு உயர் செயல்திறன் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். 'கேமிங் லேப்டாப் வாங்கியும் ஊர்கிறது' என்று சொல்பவர்கள் பழுது என்று தூக்கிக்கொண்டு ஓடுமுன் இதைப் பாருங்கள்.

கணினி மேலப்பாளையத்தில், மகள் கோயம்புத்தூரில். இதற்கு வழி கண்டது அவளேதான். அந்த மெல்லிய மடிக்கணினியிலிருந்து இணையத்தின் வழியாக வீட்டுக் கணினியைத் திறந்து இயக்கும் மென்பொருளை இரண்டிலும் நிறுவினாள். மாதிரியை அங்கேயே மெதுவாகச் செய்து கோப்பை அனுப்புவாள். இஷா தொழுகைக்குப் பின் மனைவி இங்கே பொத்தானை அழுத்துவாள். அப்புறம் யாரும் தொடாமலேயே திரையில் சுட்டி நகரும், சாளரங்கள் திறக்கும், மூடும். "புள்ள வந்துட்டா" என்பாள் மனைவி. நெட் மெதுவாக இருக்கும் நாள்களில் இந்த வழியில் வரைவது கடினம், கை ஓரிடம், கோடு ஓரிடம் என்றாகிவிடும். ரெண்டருக்கு அந்தக் குறை இல்லை. தொடங்கிவிட்டுத் தூங்கப் போகலாம். மின்சாரம் போய்த் திரும்பினால் கணினி தானே இயங்கத் தொடங்கும்படி பயாஸில் ஓர் ஏற்பாடு உண்டு என்று மச்சினர் சொல்லி, அதையும் செய்துவைத்தோம்.

ஒரு மாதம் இப்படியே நன்றாக ஓடியது. எனக்குக் கொஞ்சம் பெருமையும் வந்திருந்தது. பள்ளிவாசல் படியில் கேட்டவர்களிடம் 'மேசைக்கணினிதான்' என்று ஒரே சொல்லில் தீர்ப்புச் சொல்லத் தொடங்கியிருந்தேன்.

2023 டிசம்பர் 17, 18. தென்மாவட்டத்தார் யாரும் மறக்காத நாள்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை மீறியது. நெல்லை ஜங்ஷன் பேருந்து நிலையம் தண்ணீருக்குள் நின்றது. எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமை மாலையே மின்சாரம் போயிற்று. பின்னறைக் கூரை இம்முறை ஒழுகவில்லை, கொட்டியது. கணினி கூடத்தில் இருந்தது. அங்கும் சுவரோரம் ஈரம் இறங்குவதைப் பார்த்து, நானும் மகனும் அதைப் போர்வையில் சுற்றி, நடு அறைக் கட்டிலின் மேல் ஏற்றி, மேலே மழைக்கோட்டைப் போட்டு மூடினோம். அல்லாஹ்வின் அருளால் வீட்டுக்குள் வெள்ளம் வரவில்லை. எத்தனையோ வீடுகளில் கட்டிலே மிதந்தது. அதை நினைத்தால் நம் கவலையைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

ஆனால் அந்த வாரம் வெள்ளிக்கிழமை மகளுக்கு இறுதி மதிப்பீடு. அவளுடைய கடைசிக் கோப்பு, முற்றம் முழுவதும் மரங்களோடு, எங்கள் கட்டிலின் மேல் மழைக்கோட்டுக்கு அடியில் இருந்தது. மூன்று நாள் மின்சாரம் இல்லை, கைபேசிக் கோபுரமும் விட்டுவிட்டுத்தான் வந்தது. நாங்கள் உயிரோடு இருக்கிறோமா என்று அவள் தவித்துக்கொண்டிருந்தாள். கோப்பைப் பற்றி அவள் எங்களிடம் கேட்கவே இல்லை.

செவ்வாய்க்கிழமை இரவு சில நிமிடங்கள் தொடர்பு கிடைத்தபோது நான்தான் கேட்டேன். "பழைய காப்பி ஒண்ணு என்கிட்ட இருக்கு வாப்பா. அறைத்தோழியோட லேப்டாப்ல செஞ்சிட்டிருக்கோம். நீங்க பத்திரமா இருங்க" என்றாள். அந்தத் தோழியின் கணினியில் இருந்தது 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 4050. நான் தொலைபேசியில் வாதாடித் தள்ளிவைத்த அதே வகை. எங்கள் கார்டில் அடங்கிய மாதிரி அதில் அடங்கவில்லை. இருவருமாக உட்கார்ந்து பின்வரிசை மரங்களை நீக்கினார்கள், செங்கல் படங்களின் அளவைப் பாதியாக்கினார்கள், ஒரு நிமிடக் காணொளியை இருபது நொடியாகச் சுருக்கினார்கள். இரண்டு இரவு, மேசை விசிறியை அதன் பக்கவாட்டில் திருப்பி வைத்து ஓட்டினார்கள். வெள்ளிக்கிழமை காலை மதிப்பீட்டு அறையில் காணொளி ஓடியது. மரங்கள் குறைந்ததால் கட்டடம் தெளிவாகத் தெரிகிறது என்று தேர்வாளர் ஒருவர் சொன்னாராம். இதை அவள் சொன்னபோது சிரித்தாளா, என்னைக் குத்தினாளா என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அதன்பின் படியில் ஒரே சொல்லில் தீர்ப்புச் சொல்வதை விட்டுவிட்டேன். இப்போது நான் திருப்பிக் கேட்கிறேன். பிள்ளை எங்கே தங்கிப் படிக்கப்போகிறது? வீட்டிலிருந்து போய்வரும் பிள்ளை என்றால் மேசைக்கணினியை வாங்குங்கள். அதே பணத்தில் வலிமை கூடுதல், ஐந்தாண்டும் தாங்கும், ஒரு பாகம் பழுதானால் அந்தப் பாகத்தை மட்டும் மாற்றலாம். யுபிஎஸ் கட்டாயம். 600 விஏ என்று எழுதியிருப்பது பெரும்பாலும் 360 வாட்தான் தரும். இந்த வகைக் கணினிக்கு 1,000 விஏ அளவில் பாருங்கள். மடிக்கணினிக்கு அதன் பேட்டரியே யுபிஎஸ் என்பது அதன் பெரிய நன்மை. விடுதியில் தங்கும் பிள்ளை என்றால், நான் செய்ததுபோல் செய்யாமல், முதலாண்டே மெல்லியதை வாங்காமல், தனி கார்டு உள்ள கனமான மடிக்கணினிக்குக் காத்திருந்து சேருங்கள். முதலாண்டு பெரும்பாலும் கைவரைதான், அவசரமில்லை. இதைத்தான் நான் 2022-இல் அறியாமல் போனேன். 54,000-ஐயும் 80,000-ஐயும் கூட்டிப் பாருங்கள், என் அறியாமையின் விலை தெரியும்.

திரையையும் கேளுங்கள். கார்டுக்குப் பணத்தைக் கொட்டிவிட்டுத் திரையில் மிச்சம் பிடித்த மடிக்கணினிகள் சந்தையில் நிறைய உண்டு. '45 விழுக்காடு என்டிஎஸ்சி' என்று விவரத்தாளில் இருந்தால் நிறம் வெளுத்துத்தான் தெரியும். தோழியின் கணினி அந்த வகை. "வாப்பா, நான் போட்ட செங்கல் நிறம் அதுல செத்துப் போய்த் தெரியுது" என்றாள் மகள். வடிவமைப்புப் படிக்கும் பிள்ளைக்கு நூறு விழுக்காடு எஸ்ஆர்ஜிபி என்று இருப்பது நல்லது.

மென்பொருளைப் பற்றி ஒரு வார்த்தை. விடுதியில் 'கிராக்' செய்த மென்பொருள் பென்டிரைவில் கைமாறுகிறது. கணினியை ஹலாலான பணத்தில் வாங்கிவிட்டு, உள்ளே ஓடுவதைத் திருடிப் போடுவதை என்னால் மகளிடம் சரி என்று சொல்ல முடியவில்லை. தேடிப் பார்த்ததில் அதற்குத் தேவையும் இருக்கவில்லை. ஆட்டோடெஸ்க் நிறுவனம் ரெவிட், ஆட்டோகேட், 3டிஎஸ் மேக்ஸ் ஆகியவற்றை மாணவர்களுக்குக் கட்டணமின்றித் தருகிறது; கல்லூரிச் சான்றைக் காட்டி ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ட்வின்மோஷனும் மாணவர்களுக்கு விலையின்றிக் கிடைக்கிறது. பிளெண்டர் 2002 முதல் யாவர்க்கும் திறந்த மென்பொருள். அனிமேஷன் படிக்கும் பையனின் தந்தைக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான். இவற்றில் ரெவிட்டும் 3டிஎஸ் மேக்ஸும் விண்டோஸில் மட்டுமே ஓடும் என்பதால், ஆப்பிள் கணினியின் அழகில் மயங்குமுன் பிள்ளையின் பாடத்திட்டத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எதை வாங்கினாலும் கோப்பின் ஒரு பிரதி பிள்ளையின் கையில் இருக்க வேண்டும் என்பதை அந்த மழைக்குப் பின் எங்கள் வீட்டில் சட்டமாக்கியிருக்கிறோம். மகள் இப்போது வேலை முடிந்ததும் மூன்று இடத்தில் சேமிக்கிறாள்.

கூரைக்குத் தட்டோடு பதித்தது அடுத்த ஆண்டுதான். மச்சினர் பாதி கைமாற்றுக் கொடுத்தார். மேசைக்கணினி நன்றாக ஓடுகிறது. இளைய மகன் அதில் மத்ரஸா ஆண்டுவிழா மலரை வடிவமைத்துக் கொடுத்தான். மகளுக்கு அலுவலகப் பயிற்சிப் பருவம் வந்துவிட்டது. நாள்தோறும் ஓர் அலுவலகத்துக்குச் சொந்தக் கணினியோடு போக வேண்டுமாம். இம்முறை நான் வாதாடவில்லை. சீட்டு எனக்கு விழ இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அதுவரை தோழியின் பழைய கணினியைக் கடனாகப் பயன்படுத்துகிறாள்.

சென்ற வாரம் அதே கடைக்குப் போய் விசாரித்தேன். கடைக்காரர் ஒரு மாடலை எடுத்துக் காட்டி, கார்டின் பெயரைச் சொன்னார்.

"அந்தக் கார்டுக்கு எத்தனை வாட் கொடுத்திருக்காங்க?" என்றேன்.

அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் படித்தார். பிறகு, "இருங்க ஹஜ்ரத், உள்ள கேட்டுட்டு வர்றேன்" என்று எழுந்து போனார்.